ஜப்பானியர் கண்ணும் ஆங்கிலத்தின் ஒலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

1808ஆம் ஆண்டு ஃபேட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஒல்லாந்துக் (நெதர்லாந்து) கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகித் துறைமுகத்துக்குள் புகுந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தரோடு மட்டுமே வணிகம் வைத்திருந்த ஜப்பானிய அரசு, அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே தன் ஒல்லாந்து மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலமும் படிக்கச் சொன்னது. அவர்களுக்குக் கிடைத்த ஆசிரியரும் ஓர் ஒல்லாந்தரே. 1814இல் முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதி உருவானபோது, அதைத் தொகுத்தவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் பாடம் கேட்டதில்லை. 1848இல் தானே விரும்பிக் கரையேறிய ரானல்ட் மக்டோனல்ட் என்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை நாகசாகியில் காவலில் வைத்தபோதுதான், பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் அந்த ஒலியைக் காதால் கேட்டுக் கற்றார்கள்.

ஆனால் ஜப்பானியக் கல்வியில் வேரூன்றியது காது அன்று, கண்தான். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. செவ்வியல் சீன நூல்களை, வரியோரத்தில் சிறு குறிகள் இட்டு, சொற்களை முன்பின்னாக மாற்றி ஜப்பானிய மொழியாகவே வாசிக்கும் வழக்கம் அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. அதே முறையை ஆங்கிலத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். வினைச்சொல்லை இறுதியில் வைத்தே பேசும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஜப்பானிய வாக்கியமும் நம் வாக்கியத்தைப் போலவே வினையில்தான் முடியும். ஆங்கில வரியின் நடுவில் நிற்கும் வினையை எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பொருள் கொண்டால், ஒரு சொல்லைக்கூட உச்சரிக்காமல் ஒரு நூலை முழுதும் படித்துவிடலாம். சட்டமும் மருத்துவமும் பொறியியலும் விரைவாக வேண்டியிருந்த மெய்ஜி காலத்துக்கு (1868–1912) அது பொருத்தமான வழி என்றே நான் கருதுகிறேன். தேவை மாறிய பின்னும் தேர்வு மாறாமல் இருந்ததுதான் கோளாறு: பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தைக் கேட்டு விடையளிக்கும் பகுதி 2006இல்தான் சேர்ந்தது.

ஒலிக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் ஒரு மூக்கொலியைத் தவிர மற்ற மெய்கள் பொதுவாக உயிரொலி சேராமல் தனித்து நிற்பதில்லை. ஆகவே பேஸ்பால் ஆட்டத்தில் ஆங்கிலம் பேசுவோர் ஒரே அசையில் சொல்லும் ‘ஸ்ட்ரைக்’, ஜப்பானியர் வாயில் ஸு-தொ-ரா-இ-கு என்று ஐந்து மாத்திரையாக நீள்கிறது. ‘பஸ்ஸு’, ‘காரு’ என்று உகரம் சேர்த்துப் பேசும் நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. நமக்கு வாய்த்திருப்பது வேறொரு வசதி: ரகரமும் லகரமும் தமிழில் தனித்தனி எழுத்துகள். ஜப்பானியருக்கு அவ்விடத்தில் ஓர் ஒலிதான் உண்டு; சோற்றைக் குறிக்கும் ‘ரைஸ்’, தலைப்பேனைக் குறிக்கும் ‘லைஸ்’ இரண்டும் அயல்மொழிச் சொற்களை எழுதும் கட்டகானா எழுத்தில் ஒன்றாகிவிடும். இது நாக்கின் குறையும் அன்று. 2006இல் பட்ரீசியா கூலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாத வயதில் ஜப்பானியக் குழந்தைகள் இவ்வேறுபாட்டை அமெரிக்கக் குழந்தைகளுக்கு இணையாக உணர்ந்தன; பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் குறைந்திருந்தது.

2020 முதல் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகியுள்ளது. வாயால் பேசுவதற்கே அங்கு முதலிடம். பல பள்ளிகளில் அதை நடத்துபவர், எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் வகுப்பாசிரியர். அவர் ஆங்கிலம் படித்ததோ, பெரும்பாலும், வினையைக் கடைசிக்கு நகர்த்தும் அந்தப் பழைய முறையில்.