டிராக் 04 வாசித்தது யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, மைக்கை இரண்டு முறை சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, முன்வரிசையை வழக்கம்போலக் காலியாக விட்டுவிட்டுப் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நூலகர் ஐயா வாசல் வரைக்கும் வந்து அழைத்துவந்தார். அவருக்குத் தனி வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்; அவருக்கும் வணக்கம்.

'கணினியில் சேர்ந்துகிடக்கும் பாட்டுகளை ஒழுங்காக வைத்துக்கொள்வதும் ரசிப்பதும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அடுக்குவது. இரண்டு, தொலையாமல் காப்பது. மூன்று, கேட்டு அனுபவிப்பது. இருபது நிமிடம் என்று சீட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள்.

என் பாட்டி அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார். 'வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?' இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நம் ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் தூங்குகின்றன. ஆனால் ஒரு பாட்டு வேண்டுமென்றால் உடனே ஃபோனை எடுத்து இணையத்தில் தேடுகிறோம். நடுவில் விளம்பரம் வருகிறது, அதையும் சேர்த்துக் கேட்கிறோம். ஏன்? நம்மிடம் இருப்பதை நம்மால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் என் சிடிக்களை எல்லாம் கணினியில் ஏற்றிய சமயம் வீட்டில் இணையம் இல்லை. பெரும்பாலான சிடிக்களில் பாட்டின் பெயரே பதிவாகியிருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சிடியில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை வைத்து, இணையத்திலுள்ள ஒரு பட்டியலில் தேடித்தான் கணினி பெயரைப் போடுகிறது. இணையம் இல்லையென்றால் அதற்குத் தெரிந்த ஒரே பெயர் 'டிராக் 01'. அப்புறம் 'டிராக் 02'. எல்லாச் சிடிக்கும் இதே கதை. நானும் எல்லாவற்றையும், சிடிக்கு ஓர் உள்ஃபோல்டராக, 'நியூ ஃபோல்டர் 3' என்ற ஒன்றுக்குள் கொட்டிவைத்தேன். அதில் டிராக் 04 மட்டும் 43 இருந்தன.

என் நண்பர் ஒருவர் காலமானார். வயலின் வாசிப்பவர். நாற்பது வருடம் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். இரங்கல் கூட்டத்தில் அவர் வாசிப்பை ஒலிக்கவிட வேண்டும், உன்னிடம் ஒரு கச்சேரிப் பதிவு இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அது நான்காவது பாட்டு என்பது நினைவிருந்தது. சரியாகக் கேட்டுப் பார்க்காமல் ஒரு டிராக் 04-ஐப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. படத்துக்கு மாலை போட்டாயிற்று. விளக்கை மங்கலாக்கினார்கள். "இப்போது அவருடைய இசையே நம்மோடு பேசும்" என்று அறிவித்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். கம்பீரமான ஒரு குரல் வந்தது: "எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!"

எழுந்து நின்றார்கள், ஐயா! அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மௌன அஞ்சலி என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் மனைவி வாங்கிய உடற்பயிற்சி சிடி அது. நிறுத்துகிற பொத்தானை இருட்டில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. "கைகளை மேலே தூக்குங்கள்!" என்றது குரல். பின்வரிசையில் இரண்டு பேர் தூக்கியேவிட்டார்கள். "இப்போது மெதுவாகக் குதியுங்கள்!" என்றபோதுதான் ஒரு புண்ணியவான் மின்கம்பியைப் பிடுங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார். அன்றைக்கு நண்பரின் மனைவியும் சிரித்துவிட்டார் என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

வீட்டுக்கு வந்து, நண்பர் பெயரைக் கணினியில் தட்டித் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. சரி, பெயர் தெரியாத பாட்டுகளில்தான் கிடைக்காது, பெயர் போட்டு வைத்தவற்றிலாவது கிடைக்குமே என்று பார்த்தேன். அவர் வாசித்த எத்தனையோ பதிவுகள் என்னிடம் இருக்கின்றன, எல்லாவற்றிலும் பாடகர் பெயர் இருக்கிறது. இவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. கடைசியில் 43 டிராக் 04-ஐயும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். இரவு இரண்டு மணிக்கு 31-ஆவதில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால், தந்தியைக் கட்டைவிரலால் இரண்டு தரம் சுண்டுகிற சத்தம் கேட்டது. அது அவர் பழக்கம். அதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

ஆக, நான் எதற்கு இங்கே வந்திருக்கிறேன் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களின் பெயரை எழுதிவையுங்கள் என்று கேட்பதற்குத்தான். அடுக்குவது என்ற முதல் விஷயம் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு மாளாது. ஒரு பாட்டை ஒரே ஃபோல்டரில்தான் வைக்க முடியும். கோப்புக்குள்ளேயே பெயரை எழுதிவிட்டால் பாடகர், ராகம், வருடம், வயலின் என்று எந்தப் பக்கமிருந்தும் தேடலாம். அதற்குப் பெயர் டேக்.

இந்த டேக்கின் கதையைக் கேளுங்கள். எம்பி3 கோப்புக்குள் பெயர் எழுத 1996-இல் ஐடி3 என்று ஒரு முறை வந்தது. கோப்பின் வால்பகுதியில் 128 பைட் இடம். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு ஒன்று. 'கலைஞர்' என்று ஒரே ஒரு கட்டம்! இசையமைத்தவருக்கு இடமில்லை, எழுதியவருக்கு இடமில்லை, வாசித்தவருக்குக் கேட்கவே வேண்டாம். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தருகிற யூனிகோடும் வந்ததால் தமிழிலேயே எழுத வழி பிறந்தது. 2000-இல் வந்த திருத்தத்தில் டிஎம்சிஎல் என்றே ஒரு கட்டம் உண்டு. எந்த வாத்தியம், வாசித்தவர் யார் என்று ஜோடி ஜோடியாக எழுதுவதற்கென்றே வைத்தது. இத்தனை வருடமாக அந்தக் கட்டம் நமக்காகக் காத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதை நிரப்பியிருக்கிறோம்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

எம்பி3டேக் என்ற மென்பொருளில் நூறு பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் பெயர் போடலாம். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்று இன்னொன்று. அது பாட்டின் ஒலியையே கைரேகைபோல எடுத்து, உலகெங்கும் ஆர்வலர்கள் சேர்த்துவரும் பட்டியலில் தேடித் தரும். நம் வீட்டுக் கச்சேரிப் பதிவு அதில் இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும். எம்பி3 உசத்தியா, ஃப்ளாக் உசத்தியா என்று சண்டை போடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ஃப்ளாக் ஒலியைக் குறைக்காமல் அளவைச் சுருக்கும், நல்லதுதான். எம்பி3 ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் சுருக்கும். ஆனால் எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றினால் அப்படிப் போன ஒலி திரும்பி வராது. இரண்டிலும் பெயர் எழுதலாம், எனக்கு அதுபோதும்.

இரண்டாவது, காப்பது. ஆட்கள் தங்கள் பாட்டுகளை ஏற்றிப் பகிர்ந்துகொண்ட மைஸ்பேஸ் என்ற இணையதளம் 2019-இல் ஒரு செய்தி சொன்னது. சர்வர் மாற்றியபோது, 2015 வரை ஆட்கள் ஏற்றிவைத்திருந்த பாட்டுகள் போய்விட்டனவாம். அதனால் மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். இவ்வளவுதான். நேரமில்லை.

மூன்றாவது... தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. ஸ்மார்ட் பிளேலிஸ்ட் என்று இருக்கிறது. நிபந்தனை சொன்னால் அதுவே பாட்டைப் பொறுக்கும். 'ஒரு வருடமாகக் கேட்காதவை' என்று ஒன்று போட்டுப் பாருங்கள், புதுப் பாட்டே வாங்க வேண்டாம், வெண்ணெய் கையிலேயே இருக்கிறது. நான் என் நண்பர் பெயரில் ஒன்று போட்டிருக்கிறேன். பெயர் எழுத எழுத அது வளர்கிறது. நேற்றைக்கு 212 பாட்டு. ஐந்து பாடகர்கள், இருபது வருட இடைவெளி, ஒரே வயலின். இளமையில் பாடகரை முந்திக்கொண்டு ஓடுகிறார். வயதான பிறகு காத்திருந்து, கடைசி ஸ்வரத்துக்கு மட்டும் வந்து சேர்கிறார். பாடகர் வாரியாக அடுக்கியிருந்தால் எனக்கு இது கேட்டே இருக்காது.

மேடைக்கு இடப்பக்கம், அந்த மேசையில், என் மடிக்கணினி இருக்கிறது. யாரிடமாவது பெயர் தெரியாத பதிவு இருந்தால் கூட்டம் முடிந்ததும் கொண்டுவாருங்கள். வாசித்தவர் யார் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் யாராவது சொல்வார்கள், அப்போதே எழுதிவிடலாம். அந்த உடற்பயிற்சி சிடிக்கும் பெயர் போட்டுவிட்டேன், பயப்படாதீர்கள். நன்றி, வணக்கம்.