சம்பளத்தன்று மூடும் கடை

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். சட்டப்படி விற்கும் மது தனியார் கையில் இருப்பதா, ஊர்ச் சங்கத்தின் கையில் இருப்பதா? சங்கத்தின் கையில் என்பது எங்கள் அணி. 'சங்கம் கடை வைத்தால் ஊரே குடியை நம்பிப் பிழைக்குமே' என்றார் எதிரணித் தலைவர். நியாயமான பயம். அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு 555 புத்தகம், கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு. நாங்கள் ரப்பர் தோட்ட லயத்தில் இருந்த காலம். அப்பா ரப்பர் பால் வெட்டி, ஸ்டோரில் ஊற்றிவிட்டு நேரே கடைக்குப் போவார். கடைக்காரர் காசு கேட்கமாட்டார், புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அரிசிக்கும் சம்சு சாராயத்துக்கும் ஒரே பக்கம். சம்பளத்தன்று அம்மா கைக்கு வந்தது மிச்சம்தான். கடைக்காரர் கெட்டவர் இல்லை. என் பள்ளிப் பையையும் கடனில் தந்தவர். ஆனால் அப்பா குடிக்கும் ஒவ்வொரு புட்டியிலும் அவருக்கு லாபம். 'போதும் அண்ணே, வீட்டுக்குப் போங்க' என்று அவருக்கு எப்படி வாய் வரும்?

சுவீடனின் கோத்தன்பர்க் நகரம் 1865இல் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. சாராயக் கடைகளை ஒரு பொதுநல நிறுவனம் எடுத்தது. முதல் போட்டவர்களுக்கு அளவான வட்டி, மீதி ஊருக்கு. நடத்துபவருக்குச் சாராயத்தில் லாபமே கிடையாது, சாப்பாட்டில் உண்டு. கடனுக்கு விற்கவே கூடாது. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளர் ஊர் நியூட்டன்கிரேஞ்சும் இதே வழியில் போனது. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் 1944 முதல் ஒரு பொது அறக்கட்டளை மது விற்கிறது, இன்று அதன் குழுவை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனி 2024இல் கஞ்சாவுக்கே லாபமில்லாச் சங்கங்களை அனுமதித்தது, ஒன்றில் 500 உறுப்பினர்தான். நம் மலேசியாவில் கஞ்சா குற்றம். அதை நான் கேட்கவில்லை, அந்த ஏற்பாட்டைக் காட்டுகிறேன்.

எதிரணி பயந்ததும் நடந்தது, ஐயா. கோத்தன்பர்க் நகராட்சி அந்தப் பணத்தில் சாய்ந்துகொண்டது. அதனால்தான் சொல்கிறேன்: கோயில் கூரைக்கோ சாலைக்கோ ஒரு வெள்ளியும் போகக்கூடாது. குடியை விட நினைப்பவரின் சிகிச்சைக்கும், அவர் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் மட்டும் போகட்டும்.

நம்மால் முடியுமா என்கிறார்கள். 1960இல் இந்த ஊர் மண்ணின் மைந்தர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பால் வெட்டியவர்கள் காசு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள்!

சம்பள நாளில் கடை திறக்கக்கூடாது என்று என் அம்மாவைப் போல நூறு பேர் கை தூக்கினால், தனியார் கடை மூடுமா? சங்கக் கடை மூடித்தான் ஆகவேண்டும். வணக்கம்.