பையோடு வந்த அம்மா

(நேர்காணல் முறைகள் பற்றிக் கிளிநொச்சியில் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்கு முதன்முதலாக வினாக்கொத்தோடு போனேன். நான் வாய் திறக்க முன்னரே அந்த அம்மா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். குடும்ப அட்டை, நிவாரண அட்டை, காணாமல்போன மகனின் படம். எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வைத்துவிட்டு, "எதிலையிருந்து தொடங்கட்டும் தம்பி?" என்றார். என் தாளில் முதல் கேள்வி குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை. அதையே கேட்டேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னிச் சனம் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. தங்கள் வாழ்க்கையைப் படிவத்தின் ஒழுங்கிலேயே சொல்லப் பழகியும்விட்டது. அதனால்தான் எந்த வகை நேர்காணல் என்ற கேள்வி இங்கே பெரிய கேள்வி.

கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே ஒழுங்கு. காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, எத்தனை ஏக்கர் விதைத்தார்கள் என்று ஒப்பிட அது போதும். உங்களில் பலர் செய்யப்போவது அரைக்கட்டமைப்பு நேர்காணல். எட்டுப் பத்துக் கேள்விகள் வழிகாட்டியாக இருக்கும், பேச்சின் போக்கில் ஒழுங்கு மாறலாம். அந்தத் தாளைக் கையில் பிடிக்காதீர்கள், மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

எனக்கு நெருக்கமானது கதைசொல் நேர்காணல். ஜேர்மனியச் சமூகவியலாளர் பிரிட்ஸ் ஷூட்சே 1970களில் வகுத்தது. தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, பிறகு குறுக்கே பேசாமல் கேட்பது. "இதுதான் பிள்ளை நடந்தது" என்று அவர்களே முடிக்கும்வரை பொறுக்கவேண்டும். அதன் பிறகு, சொல்லி இடையில் விட்டதை மட்டும் கேட்கலாம். "ஏன்" என்ற கேள்வி கடைசியில்தான்.

அந்த அம்மாவிடம் இரண்டாம் முறை இப்படித்தான் போனேன். "மாத்தளன்" என்று இறுதிப் போர் நடந்த அந்தக் கடற்கரையின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணியோடு வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். நான் நடுவில் ஒரு கேள்வி போட்டிருந்தால் அந்தக் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் கிளறிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். மறுநாளும் போய் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

குழு நேர்காணலுக்கு 1946இல் றொபேட் மேர்ட்டனும் பற்ரீசியா கென்டலும் எழுதிய கட்டுரை முன்னோடி. நம் ஊர்களில் சங்கத் தலைவர் பேச மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெண்களைத் தனியாக இருத்திக் கதையுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கேட்காமல் வெளியே எடுக்கவேண்டாம். "விபரம் எடுக்க வந்தோம்" என்றும் சொல்லவேண்டாம். அந்தச் சொல் இங்கே விசாரணையை நினைப்பூட்டும். "கதைக்க வந்தனாங்கள்" என்றால் போதும்.

கடைசியாக, கூட நடந்தபடி கதைக்கும் முறை. 2003இல் மார்கரெத்தே குசன்பாக் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மூன்றாம் முறை அம்மாவோடு குளக்கட்டால் நடந்தேன். ஒரு பாலை மரத்தடியில் நின்றார். "இதிலைதான் சைக்கிளைச் சாத்திப்போட்டுக் குளிக்க இறங்குவான்" என்றார். முதல் இரண்டு முறையும் மகனைப் பற்றி அவர் சொன்னது காணாமல்போன திகதி மட்டும்.