நண்பர் அல்ல, இணையர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்!

மணம் முடிக்காமல் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து வாழ்கிறவரை ஊரார் முன்னால் 'நண்பர்' என்பதா, 'இணையர்' என்பதா? இதுதானே இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "நண்பர் என்றால் யாருக்கும் உறுத்தாது, வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

உறுத்தாதுதான் அம்மா. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பெரும்பாலும் அதைக் கொடுப்பவள் பெண்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. எது திருமணம் போன்ற உறவு? கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. திருமண வயது வேண்டும், மணம் செய்யச் சட்டத் தடை இருக்கக் கூடாது, விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால் முதல் நிபந்தனையாக வைத்தது எதைத் தெரியுமா? கணவன் மனைவி போல ஊரறிய வாழ்ந்திருக்க வேண்டும் என்பதை! 2013இல் வந்த இன்னொரு தீர்ப்பும் இதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

இப்போது சொல்லுங்கள். கல்யாண வீடு, அலுவலகம், மருத்துவமனை, போன இடமெல்லாம் 'என் ஃப்ரெண்ட்' என்றே அறிமுகமான பெண், நாளை அடிபட்டு நீதிமன்றப் படியேறினால் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார்? "நண்பர் என்றுதானே எல்லாரிடமும் சொன்னீர்கள்?" என்பார். அவள் எந்தச் சாட்சியைக் கொண்டுவருவாள்?

நாம் மரியாதையான பெயரைச் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்காது. 'வைப்பு' என்னும், 'தொடுப்பு' என்னும். ஊரை விடுங்கள், அதே 2010 தீர்ப்பிலேயே 'வைப்பாட்டி' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. மத்திய அரசுக்காக வாதாடும் அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங், அந்த நீதிமன்றத்திலேயே எழுந்து கண்டித்தார். அத்தகைய சொற்களைத் தவிர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே கையேடு வெளியிட 2023 ஆகிவிட்டது. அதுவரை எத்தனை பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்திருப்பார்கள்!

"அப்படியானால் கணவன், மனைவி என்றே சொல்லலாமே" என்றார் எதிரணியின் இளைஞர். கூடாது தம்பி, அது பொய். கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் இடம் கொடுக்காததால் மணக்க முடியாத இரு பெண்கள், இரு ஆண்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் 'இணையர்' பொருந்தும். ஆண், பெண் பேதமில்லை, 'அர்' விகுதியில் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. 'இணையேற்பு விழா' என்று கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தமிழ்நாட்டில் இது அந்நியச் சொல்லா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இணையர் என்று சொன்னால் வாடகை வீடு கிடைப்பது கடினம். அந்தப் பயம் நியாயமானது, வீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பெற்றவர்களிடம், கூடப்பிறந்தவர்களிடம், கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லுங்கள். வங்கி நாமினி படிவத்தில் உறவுமுறை கேட்கும் இடத்திலும் அதையே எழுதுங்கள். சாட்சி சொல்ல வரப்போகிறவர்கள் அவர்கள், காட்டப்போகும் காகிதம் அது.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.