நடத்தி வைப்பவர் யார்?

பெரியவர்களே, தாய்மார்களே, வேலூர் நண்பர்களே, வணக்கம்.

"ஐயர் வராத கல்யாணம் கோர்ட்டில் நிற்குமா?" குடியாத்தம் பக்கமும் அணைக்கட்டுப் பக்கமும் பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் பயந்துகொண்டுதான் கேட்கிறார்கள். நிற்கும். பயமே வேண்டாம்.

ஆனால் அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஊரறிய வாழ்ந்த பெண், சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை! அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம்; மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம்; தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். அதற்கு முன்பே அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்றும் எழுதிவைத்தார்கள். எத்தனை தாய்மார்களின் மானத்தைக் காப்பாற்றிய வரி அது!

ஆக, மேடையில் தாலி எடுத்துக் கொடுக்கும் தலைவர், அவர் எவ்வளவு பெரியவரானாலும், சட்டத்துக்கு ஒரு சாட்சிதான். 2023இல் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. வக்கீலும், வக்கீல் என்ற முறையில் இல்லாமல் நண்பராக நின்று, நடத்தி வைக்கலாம். வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் பிள்ளைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

கிறிஸ்தவர்களுக்குச் சங்கதியே வேறு. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் நடத்துகிறார் என்பதுதான் முக்கியம். அதிகாரம் இல்லாதவர் தெரிந்தே நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை. தெருவுக்கு ஒரு சபை இருக்கிற காலம். பாஸ்டரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பேரணாம்பட்டு நண்பர்கள், முஸ்லிம் திருமணத்தை நடத்தி வைக்கும் காஜியைப் பற்றிக் கேட்டீர்கள். 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டமே, நிக்காஹுக்கு அவர் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

மதம் மாறாமல் கலந்து மணப்பவர்கள் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி திருமண அலுவலரிடம் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். அந்த 30 நாள்தான் கொடுமை. அது போக வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தாரும் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் நாளையும் குறித்துவிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.