600 கம்ப்யூட்டருக்கும் ஸ்கிரிப்டே பெயர் வைக்கட்டும்

[திரை: மெஷின் பட்டியல் மேலிருந்து கீழே ஓடுகிறது. எல்லாமே "டெஸ்க்டாப்" என்று தொடங்குகின்றன.]

விண்டோஸ் 10, 11 போட்டு முடித்ததும் மெஷின் தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். முன்னால் "டெஸ்க்டாப்", ஒரு நடுக்கோடு, பின்னால் அர்த்தமில்லாத 7 எழுத்து. கடையில் நாலு மெஷின் என்றால் பரவாயில்லை. காட்பாடியில் அலுவலகம், ராணிப்பேட்டையில் தோல் ஆலை, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை என்று 600 மெஷின் பரவியிருக்கும் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். ஆம்பூரிலிருந்து "பிரிண்ட் வரல சார்" என்று போன் வரும். எந்த மெஷின் என்று கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

[திரை: 15 காலிக் கட்டங்கள்.]

பெயருக்குக் கிடைப்பது இந்த 15 கட்டம்தான். நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் பழைய முறையான நெட்பயாஸ் பெயரில் 16 இடம் உண்டு, ஆனால் கடைசி இடத்தைச் சேவை வகைக்கு விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு மட்டும் போடுங்கள். இடைவெளி கூடாது, முழுக்க எண்ணாகவும் இருக்கக் கூடாது.

இந்த 15-ல் எதைப் போடுவது? மாவட்டத்தைப் போடாதீர்கள். வட ஆற்காடு 1989-ல் இரண்டானது. அதில் ஒன்றான வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் 1996-ல் வேலூர் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின, ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போனது. மெஷின் நகரவே இல்லை, ஆனால் அதன் பெயர் பொய்யாகிவிட்டது. ஆளின் பெயரும் துறையின் பெயரும் அதைவிடச் சீக்கிரம் மாறும். அவை சொத்துப் பதிவேட்டில் இருக்கட்டும்.

ஊர் தெரிய வேண்டுமென்றால் ரயில் நிலையக் குறியீட்டைப் போடலாம். காட்பாடிக்கு கே, பி, டி. ராணிப்பேட்டைக்குப் பக்கத்து வாலாஜா ரோடு என்றால் டபிள்யூ, ஜே, ஆர். ஆம்பூருக்கு ஏ, பி என்று இரண்டே எழுத்து. இதுவும் மேஜையை விட்டு நகராத டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். லேப்டாப் இன்று காட்பாடி, நாளை வாணியம்பாடி. அதற்கு ஊர் வேண்டாம், எல், டி என்ற இரண்டு எழுத்து போதும்.

[திரை: கட்டங்கள் நிரம்புகின்றன. முதல் 3-ல் ஊர், 4-ல் டெஸ்க்டாப்பைக் குறிக்கும் டி, 5-ல் நடுக்கோடு.]

மிச்சம் 10 கட்டம். அதில் சீரியல் நம்பர். டெல் சர்வீஸ் டேக் 7 எழுத்து, லெனோவோ பொதுவாக 8, ஹெச்பி பொதுவாக 10. மூன்றும் உள்ளே அடங்கும். 10-ஐத் தாண்டினால் கடைசி 10-ஐ எடுங்கள், முதல் 10-ஐ அல்ல. ஒரே லாட்டில் வாங்கிய மெஷின்களுக்கு முன்பாதி பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் வால் பக்கம்தான்.

இனி ஸ்கிரிப்ட். விண்டோஸோடு வரும் கட்டளை மொழியான பவர்ஷெல்லில், மெஷினின் அடிப்படைத் தகவல் தரும் வின்32 பயாஸ் வகுப்பிலிருந்து சீரியலை எடுக்கிறோம். இடைவெளியையும் புள்ளியையும் நீக்கி, பெரிய எழுத்தாக்குகிறோம். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை வின்32 சிஸ்டம் என்க்ளோஷரில் உள்ள சேசிஸ் எண் (பெட்டியின் வகை எண்) சொல்லும்: 9, 10, 14, 31, 32 வந்தால் கையில் தூக்கிப் போகிற வகை, 3 வந்தால் மேஜை வகை.

முதல் சறுக்கல் இங்கேதான் வரும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய மெஷின்களில் சீரியல் இருக்கும் இடத்தில் "டூ பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்றோ "டீஃபால்ட் ஸ்ட்ரிங்" என்றோ வரும், இல்லையென்றால் காலியாகவே இருக்கும். இதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் 40 மெஷினுக்கு ஒரே பெயரை வைத்துவிடும். டொமைனில், அதாவது நிறுவனத்தின் மெஷின்களை ஒரே இடத்திலிருந்து ஆளும் அமைப்பில், ஒரே பெயரில் இரண்டாவது மெஷின் சேர்ந்தால் முதல் மெஷினின் கணக்கு ரீசெட் ஆகலாம். மறுநாள் காலையில் அந்த மெஷினில் லாகின் செய்தால் டொமைனோடு உள்ள டிரஸ்ட் (நம்பிக்கை) உடைந்துவிட்டது என்று வரும். அதனால் இந்தச் செத்த வார்த்தைகளை ஒரு பட்டியலாக ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். சீரியல் பட்டியலில் சிக்கினால் போர்டில் உள்ள லேன் கார்டின் மேக் முகவரியை (அந்தக் கார்டுக்கே உரிய எண்) எடுத்து, முன்கூட்டியே தயாரித்த அட்டவணையில் சொத்து எண்ணைத் தேடச் சொல்லுங்கள். யூ.எஸ்.பி. லேன் டாங்கிளின் மேக் வேண்டாம், அது மெஷினுக்கு மெஷின் இடம் மாறும். அட்டவணையிலும் இல்லையென்றால் பெயரைத் தொடாமல் லாகில் எழுதிவிட்டு வெளியேற வேண்டும்.

மதர்போர்டு மாற்றினாலும் இதே நிலைதான். டெக்னீஷியன் பழைய சீரியலைப் புது போர்டில் எழுதிவிட்டாரா என்று பார்க்காமல் மெஷினைக் கையில் வாங்காதீர்கள்.

ஊர்க் குறியீட்டை கேட்வே ஐ.பி.யிலிருந்து (அந்த ஊர் ரூட்டரின் முகவரி) ஸ்கிரிப்டே கண்டுபிடிக்கலாம். ஆனால் காட்பாடியில் இமேஜ் (தயாராக வைத்த விண்டோஸ் நகல்) போட்டு ஆம்பூருக்கு வேனில் அனுப்பும் மெஷின் காட்பாடி பெயரோடு போய் இறங்கும். ஊர் பார்க்கும் பகுதி, மெஷின் போய்ச் சேர்ந்த பிறகு ஓடட்டும்.

[திரை: ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரிகள் அருகருகே.]

இதை நன்றாகப் பாருங்கள். பெயர் மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் ஆகும் வரை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு பெயர் இருக்கும். ஆக்டிவ் கம்ப்யூட்டர்நேம் என்பது இப்போது ஓடும் பழைய பெயர். கம்ப்யூட்டர்நேம் என்பது காத்திருக்கும் புதுப் பெயர். ஸ்கிரிப்ட் பழையதை மட்டும் ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் "மாற்ற வேண்டும்" என்று மறுபடி மறுபடி ஓடும். காத்திருக்கும் பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் அமைதியாக முடித்துக்கொள்ளட்டும். ரீஸ்டார்ட்டை வலுக்கட்டாயமாகச் செய்யாதீர்கள், இரவு அப்டேட்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

டொமைன் மெஷின் என்றால் பெயர் மாறும் நேரத்தில், டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எட்ட வேண்டும். கிளையில் வி.பி.என். அறுந்திருந்தால் மாற்றம் தோற்கும். பெயர் மாற்ற ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் கணக்குக்கு, அந்த மெஷின்கள் உள்ள ஓ.யூ.வில் (டொமைனுக்குள் ஒரு பிரிவு) கம்ப்யூட்டர் பெயர் மாற்றும் உரிமை மட்டும் கொடுங்கள். டொமைன் அட்மின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதுவது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவது மாதிரி.

சீரியல் வழிப் பெயரால் ஒரு சிக்கலும் உண்டு. மெஷினை அழித்து மறுபடி போட்டால் அதே பெயரே வரும், பழைய கணக்கு டொமைனில் காத்திருக்கும். 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, வேறொருவர் உருவாக்கிய கணக்கை எடுத்துச் சேர்வதை விண்டோஸ் தடுக்கிறது. எப்போதும் ஒரே சர்வீஸ் கணக்கால் சேருங்கள், அல்லது பழையதை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

மைக்ரோசாஃப்டின் மெஷின் மேலாண்மைச் சேவையான இன்ட்யூன் வைத்திருந்து, மெஷின் நேரடியாக என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்கு அமைப்பு) சேர்வதானால், புது மெஷினைத் தானாகத் தயார்செய்யும் ஆட்டோபைலட்டின் டெம்ப்ளேட்டில் முன்னொட்டையும் சீரியல் மாறியையும் போட்டால் வேலை முடிந்தது. ஹைப்ரிட் (டொமைன், என்ட்ரா இரண்டிலும் சேர்வது) என்றால் முன்னொட்டு மட்டும்தான் உங்கள் கையில், மிச்சம் தாறுமாறான எழுத்துகள். அங்கே மேலே சொன்ன ஸ்கிரிப்ட் வேண்டும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் கம்ப்யூட்டர்நேம், லோக்கல்ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்நேம் மூன்றையும் எஸ்.சி.யூட்டில் என்ற கட்டளை கொண்டு மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் ஒரு திரையில் புதுப் பெயரும் இன்னொன்றில் பழைய பெயரும் தெரியும். லினக்ஸில் ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளை போட்ட கையோடு ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் திருத்துங்கள்.

எந்த மெஷினைத் தொடக் கூடாது? சர்வர்களை. எஸ்.க்யூ.எல். சர்வர் (டேட்டாபேஸ் மென்பொருள்) உள்ள மெஷினில் பெயர் மாறினாலும் உள்ளே பழைய பெயரே பதிந்திருக்கும், தனியாகத் திருத்த வேண்டும். பில்லிங் டேட்டா ஃபோல்டரையோ பிரிண்டரையோ ஷேர் செய்துள்ள சாதாரண டெஸ்க்டாப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். பெயர் மாறிய நொடியில் பக்கத்து மேஜைகளில் எல்லாம் பாதை அறுந்துவிடும். ஷேர் இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்து, இருந்தால் ஒதுங்கட்டும்.

ஊருக்குப் பத்து மெஷினில் முதலில் ஓட்டுங்கள். கணக்குப் பிரிவை ஜி.எஸ்.டி. தாக்கல் நடக்கும் 11, 20 தேதிகளுக்குப் பக்கத்தில் தொடவே வேண்டாம். ஒரு வாரம் கழித்து, பெயர் வடிவத்தில் பொருந்தாத மெஷின்களை மட்டும் பட்டியலெடுங்கள். அதில் வருபவை பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகாதவையாகவும் சீரியல் இல்லாத அசெம்பிள் மெஷின்களாகவும் இருக்கும். அசெம்பிள் மெஷின்களை மேக் அட்டவணையில் சேர்த்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள்.