ஜெபித்த பிறகும் யோசிக்கலாமா? நெகேமியாவின் கதை

"அதான் ஜெபம் பண்ணியாச்சே, அப்புறம் என்ன யோசனை?" சபையில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்பது போன்ற பேச்சு. அதைக் கேட்டு மனம் நொந்து ஒதுங்கிப்போன வாலிபப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கு வேதாகமத்தில் வரும் யூதரான நெகேமியா.

சூசான் அரண்மனையில், பெர்சிய ராஜாவான அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் உட்கார்ந்து அழுகிறார், உபவாசித்து ஜெபிக்கிறார். யூத நாட்காட்டியின் கிஸ்லேவு மாதத்தில் தொடங்கிய பாரம் நிசான் மாதம் வரை, ஏறக்குறைய 4 மாதம் நீடிக்கிறது.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டபோது, பதில் சொல்லும் முன் மறுபடியும் ஜெபம். சரி, பிறகு என்ன கேட்டார்? எருசலேமைக் கட்டப் போக அனுமதி. வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம். வனக்காவலன் ஆசாபிடம் மரம் வாங்க இன்னொரு கடிதம். அழுத நாட்களிலேயே மரத்துக்கும் கணக்குப் போட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

(திரையில்: இருட்டு, இடிந்த மதில்)

எருசலேமுக்கு வந்த 3ஆம் நாளுக்குப் பிறகு, ஓர் இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஏறிப்போக ஒரே ஒரு மிருகம். தீயில் எரிந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டே போகிறார். ராஜாவின் குளத்தருகே அந்த மிருகம் நுழையக்கூட வழியில்லை. ஆற்றோரமாகப் போய் மீதியையும் பார்க்கிறார். இந்த வேலையைத் தன் மனதில் வைத்தவர் தேவன் என்று அவரே எழுதுகிறார். அப்படியும் எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அவர் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அலங்கம் கட்டுவதைப் பிடிக்காத தொபியா, சன்பல்லாத்து போன்ற எதிரிகள் மிரட்டியபோது? ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது: நெகேமியா 4:9.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 6ஆம் அதிகாரம். செமாயா என்பவன் தேவன் சொன்னதுபோல நெகேமியாவிடம் தீர்க்கதரிசனம் சொல்கிறான்: "உம்மைக் கொல்ல வருகிறார்கள், தேவாலயத்துக்குள் ஒளிந்துகொள்வோம்." பக்தியான வார்த்தை, பரிசுத்தமான இடம். நெகேமியா அதை எடைபோடுகிறார்: என்னைப் போன்றவன் ஓடிப்போவானா? உயிர் தப்ப தேவாலயத்தில் பதுங்குவானா? அப்போதுதான் புரிகிறது: தேவன் அவனை அனுப்பவில்லை, தொபியாவும் சன்பல்லாத்தும் கூலி கொடுத்துப் பேசவைத்திருக்கிறார்கள்.

அதைத் தொடர்ந்து அந்தச் சதியைத் தேவனிடம் சொல்லி ஜெபிக்கிறார். அலங்கம் 52 நாளில் கட்டி முடிந்தது.